டிஃப்யூசரை வெட்டாதீர்கள்: துணைவேந்தருக்கும் கட்டடக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

துணைவேந்தர் அவர்களுக்கும் கட்டடக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மாடல்கள் மேல் காற்றைச் செலுத்தி விசைகளை அளக்கும் விண்ட் டனல் இருக்கும் கூடத்தைப் புத்தொழில் மையத்துக்காகக் காலி செய்து, டனலைப் புதிய கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாற்றுவது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவின் நகலும், கூடவே இணைத்திருந்த அறை வரைபடமும் போன வாரம் என் கைக்கு வந்தன. பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, இது சரியாக வருமா?" என்று மட்டும் கேட்டிருந்தார். வராது. ஏன் வராது என்று அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். இரண்டு முறை அலுவலகத்துக்கு நேரில் வந்து கடிதம் கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டு கூடக் கிடைக்கவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது.

நான் பேராசிரியர் இல்லை. 1992-லிருந்து 2021 வரை அந்தக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் என் பெயர் வந்ததில்லை, நன்றியுரையில் இரண்டொரு முறை வந்திருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டே, மாடலை வைக்கும் சோதனைப் பகுதியில் காற்று என்ன வேகத்தில் போகிறது என்று நொடிக்கு இரண்டு மீட்டர் கூடக் குறைய சொல்லிவிடுவேன். இருபத்தொன்பது வருடம் ஒரே மெஷினோடு இருந்தால் யாருக்கும் வருகிற பழக்கம்தான் அது.

உங்கள் வரைபடத்தில் இருப்பது இதுதான். புதிய அறையின் நீளம் 13 மீட்டர், அகலம் ஐந்தரை மீட்டர், ஃபால்ஸ் சீலிங் உயரம் 3.2 மீட்டர். டனலின் முழு நீளமும் 13 மீட்டர். அப்படியே வைத்தால் இந்தச் சுவரில் மூக்கும் அந்தச் சுவரில் வாலும் இடிக்கும் என்பதால், டனலின் பின்பக்கம் விரிந்து போகும் குழாயான டிஃப்யூசரை 5.7 மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டராகக் "குறைத்து அமைக்கலாம்" என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறீர்கள். சோபா உள்ளே நுழையவில்லை என்றால் காலை அறுப்போமே, அந்த மாதிரி. யார் யோசனை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் விண்ட் டனலை ஒரு நாளாவது ஓட்டிய யாரையும் கேட்காமல் எழுதப்பட்ட குறிப்பு அது என்பது மட்டும் நிச்சயம்.

குழுவில் வேறு துறைக்காரர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நம்முடையது திறந்த சுற்று டனல். முன்னால் பெல்மவுத் என்கிற விரிந்த வாய் வழியாகக் காற்று உள்ளே வருகிறது, தேன்கூடு போன்ற குழாய் அடுக்கு அதன் சுழலை நேர்ப்படுத்துகிறது, மூன்று வலைகள் மிச்சமிருக்கும் சிறு கலக்கங்களைக் கரைக்கின்றன, அப்புறம் 1.8 மீட்டர் சதுரம் 60 சென்டிமீட்டர் சதுரமாகச் சுருங்குகிறது. பரப்பில் ஒன்பதுக்கு ஒன்று. அங்கேதான் காற்று வேகம் பிடித்துச் சோதனைப் பகுதிக்குள் பாய்கிறது. அதற்குப் பின்னால் டிஃப்யூசர் மெதுவாக விரிந்து வேகத்தை மறுபடியும் அழுத்தமாக மாற்றுகிறது, கடைசியில் ஃபேன் எல்லாவற்றையும் இழுத்து வெளியே தள்ளுகிறது. "வெளியே" என்றால் எங்கே? கட்டடத்துக்கு வெளியே இல்லை, அதே கூடத்துக்குள்தான். அந்தக் காற்று டனலின் இரண்டு பக்கமும், தலைக்கு மேலும் சுற்றி வந்து, அமைதியாகி, மறுபடி பெல்மவுத்துக்குள் போகிறது. மூடிய சுற்று டனலில் இந்தத் திரும்பும் பாதையைத் தகரத்தில் செய்து வைப்பார்கள். நம் டனலில் அந்தப் பாதை கூடம்தான். நீங்கள் இரும்பையும் மரத்தையும் மட்டும் கருவி என்று நினைத்து லாரியில் ஏற்றப் பார்க்கிறீர்கள். கருவியின் மறுபாதியைப் புத்தொழில் மையத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள், பள்ளிக் கணக்குதான். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, நொடிக்கு 14 கன மீட்டருக்கு மேல் காற்று டனல் வழியாகப் போகிறது. புதிய அறையில் இருக்கும் மொத்தக் காற்றும் 16 நொடிக்கு ஒருமுறை டனலுக்குள் போய் வந்துவிடும். இப்போதிருக்கும் கூடம் 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம். அங்கே அதே காற்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கிறது, ஃபேன் கொடுத்த குலுக்கல் அடங்குவதற்கு. 16 நொடியில் என்ன அடங்கும்? போதாததற்கு, முழு வேகத்தில் 30 குதிரைத்திறன் மோட்டார் இழுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் அந்த அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. அதைக் குளிர்விக்க ஆறு டன்னுக்கு மேல் ஏ.சி. வேண்டும். வரைபடத்தில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று இருக்கிறது, அதுவும் சரியாக பெல்மவுத்துக்கு நேராகக் குளிர்காற்றை ஊதுகிற இடத்தில். இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிடுவீர்கள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் பழைய பெஞ்சுகளைப் போட இடமில்லை என்று நம் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினார்கள். நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள். சாதாரண நாக்கா 0012 இறக்கை, புத்தகத்தில் நூறு இடத்தில் இருக்கும் தூக்குவிசைக் கோடு, அது இவர்களுக்கு வரவே இல்லை. பூஜ்யக் கோணத்தில் பூஜ்யம் வர வேண்டிய சமச்சீர் இறக்கை, அதுவே ஒரு பக்கமாகத் தூக்கியது. அழுத்தம் காட்டும் மேனோமீட்டரைச் சந்தேகப்பட்டோம், குழாய்களை மாற்றினோம், விசை அளக்கும் பேலன்ஸைக் கழற்றி எடைக்கற்கள் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம், மாடலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தும் பார்த்தோம். மூன்று வாரம் போனது. கடைசியில் நான் ஒரு குச்சியில் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பெல்மவுத் முன்னால் போய் நின்றேன். ஒரு மூலையில் நூல் பம்பரம் மாதிரி சுற்றியது. பெஞ்ச் அடுக்கின் ஓரத்தில் உருவான சுழல், தேன்கூட்டையும் மூன்று வலைகளையும் தாண்டி, சோதனைப் பகுதிக்குள் காற்றைச் சாய்த்திருக்கிறது. பெஞ்சுகளைத் தள்ளிய அன்று மத்தியானமே கோடு புத்தகத்தோடு ஒத்துப்போனது. அந்த பெஞ்சுகள் பெல்மவுத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தன. உங்கள் புதிய அறையில் சுவரே 1.1 மீட்டரில் இருக்கிறது. பெஞ்சை நகர்த்தலாம், சுவரை என்ன செய்வது?

டிஃப்யூசருக்கு வருகிறேன், மடலுக்குத் தலைப்பே அதுதானே. 5.7 மீட்டர் நீளத்தில் அது விரிகிற மொத்தக் கோணம் ஏறக்குறைய 6 பாகை. மூன்றரை மீட்டராக வெட்டினால் கிட்டத்தட்ட 10 பாகை. காற்று பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி, மெதுவாக அழைத்தால் சுவரை ஒட்டி வரும், திடீரென்று திருப்பினால் கையை உதறிவிட்டுப் போய்விடும். 5, 6, அதிகம் போனால் 7 பாகைக்கு மேல் போகாதே என்று டனல் கட்டுகிற எல்லோரும் சொல்வது இதனால்தான். சுவரை விட்டுப் பிரிந்த காற்று ஒரு சீராகவும் பிரியாது, இப்போது இந்தப் பக்கம், அடுத்த நொடி அந்தப் பக்கம். சோதனைப் பகுதியில் வேகம் ஏறி இறங்கும், மேனோமீட்டர் தண்ணீர் மூச்சு விடுகிற மாதிரி மேலும் கீழும் போகும், ஃபேன் இறக்கைகள் அந்த உதறலை வாங்கி அதிரும். 30 மீட்டர் வேகத்துக்கு 55 மில்லிமீட்டர் தண்ணீர் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறோம், அது ஐந்து மில்லிமீட்டர் ஆடினால் மாணவன் எதை எழுதுவான்? கண்ணுக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவான். அப்படி எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு ஆய்வகம் தேவையில்லை.

"1986-ல் வாங்கிய பழைய மெஷின், இதற்கா இவ்வளவு இடம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். பாரிஸில் குஸ்தாவ் ஈஃபெல், ஆம், கோபுரம் கட்டிய அதே ஈஃபெல், 1912-ல் ஓத்தேய் பகுதியில் நிறுவிய டனல் இன்னமும் அதே இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிர்ஸ்டன் டனல் 1936-ல் வந்தது, இன்றைக்கும் காசு கொடுத்துச் சோதனை செய்ய ஆட்கள் வருகிறார்கள், அதை ஓட்டுகிறவர்களே மாணவர்கள்தான். நம் ஊரிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 14 அடிக்கு 9 அடி டனல் எத்தனை தலைமுறை மாணவர்களைப் பார்த்துவிட்டது. டனலுக்கு வயதாவதில்லை ஐயா. மோட்டாருக்கும் வலைக்கும் சென்சாருக்கும்தான் வயதாகும், அவற்றை மாற்றலாம். நல்ல வடிவமும் நல்ல இடமும் அமைந்துவிட்டால் அதை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஈஃபெலைப் பற்றி இன்னொரு விஷயம், எனக்கு ஒரு பேராசிரியர் டீ குடித்துக்கொண்டே சொன்னது. ஈஃபெல் ஒரு பந்தின் மீது காற்றின் இழுவிசையை அளந்தார். ஜெர்மனியில் கோட்டிங்கனில் காற்றியல் அறிஞர் பிராண்டலின் ஆட்கள் அளந்ததில் பாதிகூட வரவில்லை. ஈஃபெல் கணக்கில் இரண்டால் பெருக்க மறந்துவிட்டார் என்றுகூட அங்கே நினைத்தார்கள். ஆனால் இரண்டு பேர் அளந்ததும் சரி. வேகமும் காற்றில் இருந்த கலக்கமும் வேறு, அதனால் பந்தைச் சுற்றிக் காற்று பிரிகிற இடமே வேறு. 1914-ல் பிராண்டல் ஒரு பந்தின் மேல் மெல்லிய கம்பி வளையத்தை மாட்டி, வேண்டுமென்றே கலக்கத்தை உண்டாக்கி, இழுவிசை குறைவதைக் காட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டனலின் காற்று எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதிலிருந்து வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இடத்தை மாற்றினால் காற்று மாறும். இருபத்தொன்பது வருடத்துப் பதிவேடுகளை அதன் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்?

"இனிமேல் எல்லாம் கணினியில்தான்" என்பது அடுத்த பதில். எனக்கு கணினி மேல் கோபம் இல்லை. காற்றோட்டத்தைக் கணினியிலேயே கணக்கிடும் சி.எஃப்.டி. ஆய்வகத்துக்கு 40 கணினிகள் வந்தபோது பெட்டி பிரித்து வைத்தவர்களில் நானும் ஒருவன். அதே மாணவர்கள்தான் மாலையில் ஓடிவந்து, "அண்ணா, இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகிற கோணத்தில் சாப்ட்வேர் ஏதோ சொல்கிறது, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டார்கள். பார்முலா ஒன் அணிகள் இரண்டையும் செய்கின்றன, அதனால்தான் எவ்வளவு டனல் நேரம், எவ்வளவு கணினி நேரம் என்று இரண்டுக்கும் சேர்த்து விதி போட்டிருக்கிறார்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த செமஸ்டரில் சிவில் துறை மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர், வீட்டுத் தகரக் கூரை மொத்தமும் பக்கத்துக் கொல்லையில் கிடந்ததாம். அக்ரிலிக்கில் ஒரு சின்ன வீடு செய்து, கூரையில் ஓட்டை போட்டு ஊசிக் குழாய்கள் பதித்து, மேனோமீட்டரில் இணைத்தோம். காற்றுக்கு நேராக வைத்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டை 45 பாகை திருப்பினோம். காற்றை எதிர்கொண்ட கூரை மூலையில் இருந்த குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று மேலே ஏறியது, நடுக்கூரைக் குழாய்கள் அதில் பாதிகூட வரவில்லை. மூலையில் உறிஞ்சல் அதிகம் என்று காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்திலும் இருக்கிறது, வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பையன் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில்தான் ஸ்க்ரூ போட்டார்" என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் எண்களை அப்படியே கட்டடத்துக்குப் போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தரையை ஒட்டி வீசும் காற்று உயரத்துக்கு உயரம் மாறுவதை நம் டனலில் கொண்டுவர முடியாது, அதற்குத் தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் எஸ்.இ.ஆர்.சி. போல 18 மீட்டர் நீளச் சோதனைப் பகுதி வேண்டும். அந்தப் பையனிடமும் அதைச் சொன்னோம். ஆனாலும் அவன் பார்த்தது பார்த்ததுதானே.

கருவிகளின் நிலைமையைச் சொல்லாமல் விட்டால் மடல் பாதிதான். மூன்று கூறு ஸ்ட்ரெயின் கேஜ் பேலன்ஸை யாரோ அளவுக்கு மீறிய மாடலை மாட்டி வளைத்துவிட்டார்கள், இழுவிசை காட்ட வேண்டிய இடத்தில் தூக்குவிசையில் ஒரு பங்கும் கலந்து வருகிறது. அதன் மேல் "அளவுத்திருத்தம் செய்யப்பட்டது" என்ற ஸ்டிக்கர் மட்டும் வருடா வருடம் புதிதாக ஒட்டப்படுகிறது. காற்றின் கலக்கத்தை அளக்கும் ஹாட் வயர் ஆய்வுமுனையில் இருக்கும் கம்பி 5 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, தூசி பட்டாலே அறுந்துவிடும். அதை "நுகர்பொருள்" தலைப்பில் வாங்குவதா "கருவி" தலைப்பில் வாங்குவதா என்று கோப்பு நான்கு வருடம் சுற்றி, நான் ஓய்வு பெற்றது வரைக்கும் வரவில்லை. 64 முனை அழுத்த ஸ்கேனர் ஒன்று லட்சக்கணக்கில் வாங்கி அட்டைப் பெட்டியோடு இருக்கிறது, இணைப்புக் குழாய் டெண்டரில் விட்டுப்போனதாம். வலைகளைச் சுத்தம் செய்ய ஆள் கிடையாது. நான் இருந்தவரைக்கும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வலைகளைக் கழற்றி, அடைத்திருக்கும் பஞ்சையும் தூசியையும் உறிஞ்சி எடுத்து மாட்டுவது வழக்கம். மறுநாள் மோட்டார் மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாம், சோதனைப் பகுதிக் கண்ணாடியில் மட்டும் யாரையும் பொட்டு வைக்க விடமாட்டேன். இப்போது பொட்டு மட்டும் வைக்கிறார்களாம், கண்ணாடியிலும் சேர்த்து. என் இடத்துக்கு இதுவரை ஆள் போடவில்லை.

இந்த லட்சணத்தில் இருக்கும் டனலின் போட்டோ பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில் இருக்கிறது, தரச்சான்றுக் குழு வரும்போது ஐந்து நிமிடம் ஓட்டியும் காட்டுகிறார்கள். இது எனக்கு வருத்தமில்லை, கோபம்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய அறைக்கு நேர் மேலே கருத்தரங்குக் கூடம். இந்த ஃபேன் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்றால் காதருகே கத்த வேண்டும். ஒரு வாரத்தில் புகார் வரும், இரண்டாவது வாரத்தில் "மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டும்" என்று சுற்றறிக்கை வரும், ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். அதோடு கதை முடிந்தது.

நான் கேட்பது இவைதான். முதலில், டனலைப் பிரிக்கும் வேலை ஆணையை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள், ஒரு போல்ட்டைக் கழற்றினால்கூட சுருங்கு பகுதியின் ஓரங்களைப் பழையபடி பொருத்துவது பெரும்பாடு. டிஃப்யூசரைக் குறைக்கும் குறிப்பை வரைபடத்திலிருந்து எழுத்து மூலமாக நீக்குங்கள். புத்தொழில் மையத்துக்கு இடம் வேண்டும் என்றால் அந்தத் தரைத்தள அறையையே கொடுங்கள், மேசை நாற்காலிக்கு 13 மீட்டர் தாராளம். எந்தக் காரணத்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 20 மீட்டருக்குக் குறையாத நீளமும் 6 மீட்டருக்குக் குறையாத உயரமும் உள்ள தனிக் கொட்டகை வேண்டும், பெல்மவுத்துக்கு முன்னால் குறைந்தது நான்கு மீட்டர் வெறும் தரை வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் சோதனைப் பகுதியில் வேகப் பரவல், காற்றின் சாய்வு, கலக்கத்துக்கான பந்துச் சோதனை மூன்றையும் அளந்து பதிவு செய்து, புது இடத்திலும் அதே அளவீடுகளை எடுத்து, இரண்டையும் துறைப் பலகையில் ஒட்ட வேண்டும். மாற்றமே இல்லை என்று வந்தால் நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பேலன்ஸை உண்மையாகவே அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். ஹாட் வயர் முனைகளும் வலைகளும் ஸ்கேனர் குழாயும் வாங்க, ஒவ்வொரு முறையும் கோப்பு போடத் தேவையில்லாமல் துறைத்தலைவர் கையெழுத்திலேயே முடியும்படி ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். காலியாக இருக்கும் டெக்னீஷியன் பணியிடத்தை நிரப்புங்கள், வருகிறவருக்கு மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் நானே சொல்லிக்கொடுக்கிறேன். கிர்ஸ்டனில் செய்வது போல மூன்றாமாண்டு மாணவர்கள் நான்கைந்து பேரைப் பயிற்றுவித்து, உதவித்தொகை கொடுத்து, டனலை ஓட்ட விடுங்கள். இட ஒதுக்கீட்டுக் குழுவில் அந்த ஆய்வகத்தைப் பயன்படுத்துகிற ஒரு ஆசிரியரும் ஒரு மாணவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதற்கு எழுத்து மூலமான பதிலைப் பதினைந்து நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். அதற்கு முன்னால், குழுவில் யாராவது ஒருவர், ஒருவர் போதும், ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வகுப்புகள் தொடங்கும் முன் கூடத்துக்கு வாருங்கள். நான் கம்பளி நூல் கட்டிய குச்சியோடு வருகிறேன், கூடவே 1.1 மீட்டர் தூரத்தில் நிறுத்திவைக்க ஒரு பிளைவுட் பலகையும். டனலை ஓட்டிவிட்டுக் குச்சியை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
விண்ட் டனல் கூடத்தின் முன்னாள் டெக்னீஷியன்